கப்பல் வழி மாறும் என்பதை முன்னாலேயே சொல்லுங்கள்

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் காரைக்குடியில் என் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பயணத்தைத்தான் கேட்கிறார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம். அங்கே கப்பல் ஏறி நான்கு இரவு. நடுவில் பினாங்கு, புக்கெட். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பங்காளிகள், தாய பிள்ளைகள் என்று இருபது முப்பது பேராகச் சேர்ந்து போகிறார்கள். மணிவிழாவைக் கப்பலில் கொண்டாடுகிறவர்களும் உண்டு. பணம் வாங்கும் முன்பே அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன். மே மாதம் பிறந்த பிறகு போனால் புக்கெட்டில் இறங்க முடியாமல் போகலாம். அப்படி ஆனால் கப்பல் கம்பெனியிடமிருந்து பெரிதாகப் பணம் திரும்பாது.

கேட்டதும் முகம் மாறும். "டிக்கெட்டில் புக்கெட் என்று போட்டிருக்கே ஆச்சி?"

போட்டிருப்பது உண்மைதான். அதே பயண ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடலாம், வரிசையை மாற்றலாம், வேறு ஊருக்குத் திருப்பலாம் என்றும் போட்டிருக்கிறது. உலகத்தில் ஓடும் சுற்றுலாக் கப்பல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்த நிபந்தனை உண்டு. விட்டுப்போன துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் திரும்ப வரும். கப்பல் மூலமாகவே பதிவு செய்த ஊர்சுற்றல் பணமும் வரும். அறைக்குக் கட்டிய பணத்தில் குறைத்துக் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். இந்த நிபந்தனை நியாயமானது என்றே நினைக்கிறேன். அதை வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விற்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பல பெரிய கப்பல்கள் புக்கெட்டில் பட்டோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்குப் போவது சின்னப் படகில். நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து மேடை அமைப்பார்கள். படகு வந்து அந்த மேடையை ஒட்டி நிற்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கடல் ஊருணித் தண்ணீர் மாதிரி கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மேற்கேயிருந்து நீண்ட அலைகள் உருண்டு வரும். பெரிய கப்பல் அசைவதே தெரியாது. மேல்தளத்து நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். கீழே படகு மட்டும் மேடைக்கு மேல் ஒரு முழம் ஏறும், மறு நொடி ஒரு முழம் இறங்கும். இரண்டு பணியாளர்கள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேடைக்குச் சமமாக வருகிற நேரம் பார்த்துக் கால் எடுத்து வைக்கச் சொல்வார்கள். முட்டி வலிக்காரருக்கும், சேலை கட்டிய எழுபது வயது ஆச்சிக்கும் அந்த ஒரு நொடி போதாது. படகுக்கும் மேடைக்கும் நடுவே கால் சிக்கினால் எலும்பு நொறுங்கிவிடும். காலையில் சமாளித்து இறக்கிவிட்டாலும், சாயங்காலம் அலை கூடிவிட்டால் ஆயிரக்கணக்கானவர்களை அதே படகுகளில் திரும்ப ஏற்ற வேண்டும். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளிலும் கேப்டன் புக்கெட்டை விட்டுவிடுவது இதனால்தான். "வெயில் அடிக்குது, புயல் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் படகைப் பற்றி யாரும் விளக்குவதில்லை.

டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் முதன்முதலாக உருவாகி, இன்று 1974ஆம் ஆண்டு வடிவத்தில் நடப்பில் இருக்கும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது. உயிருக்கு அவசியம் என்று கேப்டன் எடுக்கும் முடிவைக் கப்பல் முதலாளி உள்பட யாரும் தடுக்கக் கூடாது. அட்டவணைப்படி புறப்பட்டுப் புயலில் மாட்டிய கதைகளும் இருக்கின்றன. 2016 பிப்ரவரியில் நியூ ஜெர்சியிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு புறப்பட்ட 'ஆன்தம் ஆஃப் தி சீஸ்' கடும் புயலில் சிக்கியது. பயணிகள் மணிக்கணக்கில் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். கடைசியில் கப்பல் பாதியிலேயே திரும்பியது, முழுப் பணத்தையும் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. 2019 மார்ச்சில் நார்வே கடலில் 'வைக்கிங் ஸ்கை' 1,373 பேருடன் பாறைகளை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. மசகு எண்ணெய் குறைவாக இருந்த நிலையில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் என்ஜின்கள் நின்றுபோயின. அந்தக் கடலில் ஹெலிகாப்டரை வைத்து ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கி 479 பேரைக் கரை சேர்த்தார்கள். இதையெல்லாம் படித்த பிறகு, ஒரு துறைமுகத்தை விட்டதற்காகக் கேப்டனைத் திட்டுகிறவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

அதற்காகக் கம்பெனிகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. எங்கள் மூலமாக ஒரு ஜூன் மாதத்தில் மணிவிழாவுக்குப் போன குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பினாங்கு போகும் வழியிலேயே புக்கெட் இல்லை என்று முடிவாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அறிவித்தார்கள். மகன் என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "புக்கெட் இல்லையாம் ஆச்சி. கீழே கவுண்டரில் கேட்டா ஆளுக்கு ஒரு தாளை நீட்டுறாக. அப்பச்சியும் ஆத்தாளும் கப்பலுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு லைஃப் ஜாக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காக."

துறைமுகம் போனதைவிட எனக்கு வருத்தம் தந்தது அந்த லைஃப் ஜாக்கெட்தான். அந்தக் கப்பலில் நூற்றுக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். கப்பலுக்கு ஒன்றும் இல்லை, கரையில் படகு இறக்க முடியவில்லை என்று தமிழில் நான்கு வரி எழுதி அறைக் கதவடியில் போட்டிருக்கலாம். திருச்சியிலும் சென்னையிலும் தமிழில் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கத் தெரிந்த கம்பெனிக்கு அது பெரிய காரியமா? பிள்ளைகள் கேப்டனைப் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றார்கள். வேண்டாம், பினாங்கில் எவ்வளவு நேரம் கூடுதலாக நிற்கும் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். மறுநாள் மதியம் வரை நிற்கும் என்று தெரிந்தது. புக்கெட்டில் பேசியிருந்த வேனை ரத்து செய்து, பினாங்கில் ஒரு வேன் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர்மலை அடிவாரத்தில் நகரத்தார் கட்டிய முருகன் கோயிலில் தம்பதிக்கு அர்ச்சனை நடந்தது. மணிவிழா கண்டவருடைய ஐயா பினாங்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர். அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த கிட்டங்கி இருந்த தெருவை மணிவிழாக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். இது அவர்கள் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் இப்படி அமையாது. துறைமுகத்துக்குப் பதிலாக ஒரு நாள் முழுக்கக் கடலிலேயே சுற்றித் திரும்பியவர்களையும் நான் அனுப்பியிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கப்பல் வரை போகவும் வேண்டாம். எங்கள் சிவகங்கை மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு கப்பல் ஓடுகிறது. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான சேவையை 2023 அக்டோபர் 14ஆம் தேதி பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். அன்று ஓடிய கப்பலின் பெயர் 'செரியபாணி'. ஒரே வாரத்தில், அக்டோபர் 20ஆம் தேதியோடு, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிச் சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். நவம்பரில் வானிலையால் அதுவும் நின்றது. அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இலங்கைக் கரையை ஒட்டி வந்து புதுச்சேரி அருகே கரையேறியது. 2025 பிப்ரவரியில்தான் கப்பல் திரும்ப ஓடியது. நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை, ஏறக்குறைய 150 பேர் ஏறும் கப்பல் அந்தக் கடலில் அந்த மாதங்களில் போகக் கூடாது. என் கேள்வி தொடக்க நாளைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று நாகப்பட்டினத்து மீனவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பருவமழை வாசலில் நிற்கும்போது திறப்பு விழா நடத்தியது சரியான முடிவு இல்லை. எந்தெந்த மாதங்களில் கப்பல் ஓடும், எப்போது ஓடாது என்று வருடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து நாள் வைத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் வானிலையைப் போர்வையாகப் போர்த்துவதும் கூடாது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட சுற்றுலாக் கப்பல், புதுச்சேரி கடற்கரைக்கு அருகில் வந்தும் உள்ளே வர அரசு அனுமதி கிடைக்காமல் திரும்பியது. காற்றும் அலையும் அதற்குக் காரணமில்லை. அனுமதி கையில் வரும் முன் ஒரு ஊரின் பெயரைப் போட்டு டிக்கெட் விற்றால், அந்த நாளுக்கான பணத்தைத் திருப்பித் தருவதுதான் முறை. காற்றால் விட்டதா, காகிதத்தால் விட்டதா, என்ஜின் கோளாறா என்பதைப் பயணிக்கு எழுத்தில் தர வேண்டும் என்று விதி இருந்தால் பாதித் தகராறு கவுண்டரிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் வீடுகளில் கப்பல் பயணம் புதிதில்லை. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டி, எழுபதுகளின் தொடக்கம் வரை நாகப்பட்டினம், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா'வில் போய் வந்தவர்கள் ஒவ்வொரு வளவிலும் இருந்தார்கள். எங்கள் அப்பத்தாவும் அதில் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். ஆளையும் பெட்டியையும் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் தோணிக்காரர்கள் இறங்க மாட்டார்கள், கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று அப்பத்தா சொல்வார். புக்கெட்டில் இன்றைக்கு இருக்கிற அதே சிக்கல். காத்திருக்கும் நாட்களுக்கு முறுக்கும் சீடையும் தகர டப்பாவில் தனியாகப் போகும். நல்ல நாளில் கிளம்ப முடியாது என்று தெரிந்தால் பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆள் பிறகு கிளம்புவார். கப்பல் வரும் தேதியை ஒட்டி வீட்டில் எந்த விசேஷமும் வைக்க மாட்டார்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். காலையில் கப்பல் சிங்கப்பூர் வந்தால், மதியமே திருச்சி விமானம். மறுநாள் காரைக்குடியில் பூச்சொரிதல், அடுத்த நாள் ஆபீஸ். கப்பல் ஆறு மணி நேரம் தாமதித்தால் போதும், இருபது பேருக்கும் புது விமான டிக்கெட். துறைமுகம் விட்டுப்போன வருத்தத்தைவிடப் பல மடங்கு பணம் இதில்தான் போகிறது. கப்பல் ஏறும் முன் ஒரு ராத்திரி, இறங்கிய பின் ஒரு ராத்திரி சிங்கப்பூரில் தங்குங்கள் என்று மன்றாடாத குறையாகச் சொல்கிறேன். நமது பயணக் காப்பீட்டு பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பெட்டி தொலைவதற்கும்தான். விட்டுப்போன துறைமுகத்துக்குப் பணம் தருவது அரிது. அதனால் பாலிசியை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டலுக்கு மாத்திரை எது, எப்போது என்று புறப்படும் முன் குடும்ப டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு.

என்னிடம் பணம் கட்டுகிறவருக்குக் கொடுக்கும் ரசீதின் மேல்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்திருக்கிறேன்: வானிலையைப் பொறுத்து எந்த ஊரும் விட்டுப்போகலாம், எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதிவு செய்கிறேன். இதே தொழிலில் இருக்கிற தம்பி ஒருவர், "இப்படி எழுதினா யாருக்கா வாங்குவாக? வியாபாரம் படுத்துரும்" என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை. சிலர் ஜூனை விட்டுவிட்டுத் தை, மாசிக்குத் தள்ளிப் போட்டார்கள். சிலர் புக்கெட்டே வேண்டாம், பினாங்கில் கூட நேரம் நிற்கிற கப்பலைப் பாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் தெரிந்தேதான் மே மாதத்தில் போகிறார்கள், பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. கப்பல் கம்பெனிகளும் நாகப்பட்டினம் சேவையை நடத்துகிறவர்களும் இந்த வருடம் மழைக்காலத்து டிக்கெட் விற்கத் தொடங்கும் முன் இதே வரிகளைத் தங்கள் டிக்கெட்டின் முதல் பக்கத்தில் தமிழில் போட வேண்டும். சுற்றுலாத் துறை அதைக் கட்டாயமாக்க வேண்டும்.