தரகு கேளாத தரகன்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் கமக்காரன் தரகனுக்குக் கூலி கொடுக்கிறான். கூலி அதிகமென்று அவன் முணுமுணுக்கலாம். ஆயினும் அது எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியும். ஒருநாள் அத்தரகன், “இனி உன்னிடம் ஒரு சதமும் வாங்கேன், எல்லாம் இலவசமே” என்று கூறுவானாயின், கமக்காரன் மனத்தில் எழும் முதற் கேள்வி யாது? “அப்படியானால் இவனுக்குப் படியளப்பவர் யார்?” என்பதே. ஏட்டுக் கல்வி இல்லாதவனுக்கும் இயல்பாக எழும் இக்கேள்வியை, அமெரிக்காவில் கைத்தொலைபேசி மூலம் பங்கு வாங்கத் தொடங்கிய இளைஞர் பலர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் பல ஆண்டுகள் நேரிய விடை கிடைக்கவில்லை. நம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் உழைத்துப் பொருளீட்டுகின்றனர். ஆதலின் இது நமக்குப் புறம்பான விடயமன்று.

நன்மையை முதலிற் கூறுவதே நீதி. 1975 மே முதலாந் திகதி வரை அமெரிக்கப் பங்குச் சந்தையில் தரகுக் கூலி குறித்த விகிதப்படியே அறவிடப்பட்டது. அதன்பின் கூலி குறைந்ததெனினும், சிறு சேமிப்பாளனுக்கு அது சுமையாகவே இருந்தது. 2013 இல் ரெனெவ், பட் என்னும் இருவர் நிறுவிய ‘றொபின்ஹூட்’, 2015 இல் தரகில்லாச் செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது. ஒரு டொலர் கொண்டும் பங்கின் ஒரு சிறு கூற்றை வாங்கலாமென்ற நிலையும் பின்னர் வந்தது. 2019 ஒக்டோபரில் சுவாப் முதலிய பழம் பெருந் தரகு நிலையங்களும் கூலியைக் கைவிட்டன. செல்வர் கோட்டையாயிருந்த சந்தையின் கதவு எளியோனுக்குத் திறந்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், திறந்த கதவுக்குள் நடப்பது என்ன? செயலியில் இளைஞன் பிறப்பிக்கும் கட்டளையைத் தரகு நிலையம் பெரிய சந்தை வணிகர்களிடம் அனுப்புகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள சிறு வேற்றுமையில் அவ்வணிகர் இலாபம் காண்கின்றனர். அந்த இலாபத்தில் ஒரு பகுதியைக் கட்டளை அனுப்பிய தரகனுக்கே திருப்பிக் கொடுக்கின்றனர். 2021 ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் றொபின்ஹூட்டின் வருவாயில் நூற்றுக்கு 81 பங்கு இவ்வாறு கொடுக்கல் வாங்கலினால் வந்ததென அந்நிறுவனமே தனது பங்கு வெளியீட்டு அறிக்கையிற் கூறியது. அதிலும் மிகப் பெரிய கூறு, பங்குகளால் வந்ததன்று. ஆபத்து மிகுந்த ‘ஒப்ஷன்’ ஒப்பந்தங்களால் வந்தது. வாடிக்கையாளன் எவ்வளவு அடிக்கடி வாங்கி விற்கிறானோ, அவ்வளவுக்குத் தரகனின் பெட்டி நிறையும்.

ஒருவனுக்கு முகவனாய் நின்று, அவன் அறியாமல் எதிர்த் தரப்பிடம் ஊதியம் பெறுதல் ஆகாதென்பது சட்டத்தின் பழைய நெறி. இரண்டு தோணியிற் கால் வைத்தவன் எவரையும் கரை சேர்க்கான். 2020 டிசெம்பரில் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு இந்நிறுவனத்தின்மீது சாட்டிய குற்றமும் இதுவே. 2015 முதல் 2018 இன் பிற்பகுதி வரை தனது தலையாய வருவாய் எதுவென்பதை வாடிக்கையாளருக்கு மறைத்தது என்றும், கட்டளைகள் தாழ்ந்த விலைகளில் நிறைவேறியமையால், மிச்சமான தரகைக் கழித்த பின்னரும் அவர்களுக்கு 3 கோடி 41 இலட்சம் டொலர் இழப்பு ஏற்பட்டது என்றும் ஆணைக்குழு கண்டது. நிறுவனம் குற்றத்தை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. 6 கோடி 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. இலவசம் என்ற சொல்லின் உண்மை விலை இதுதான்!

கண்ணுக்குத் தெரியாத கூலியினும் கொடியது, கைக்கு மிக எளிதான வசதி. வாங்கியவுடன் திரையில் வண்ணத் தாள்கள் பொழிந்து வாழ்த்தும் வழக்கம் 2021 மார்ச் வரை அச்செயலியில் இருந்தது. முதலீட்டைத் திருவிழாவாக்கினால் சிந்தனைக்கு இடமேது? அச்செயலியின் வாடிக்கையாளரை ஆராய்ந்த பார்பர், ஓடீன் முதலிய பேராசிரியர்கள் 2022 இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நாளும் அவர்கள் முண்டியடித்து வாங்கிய பங்குகள், அடுத்த 20 வணிக நாட்களில், சந்தையோடு ஒப்பிடுகையில், சராசரி நூற்றுக்கு 4.7 பங்கு பின்தங்கின. கூட்டம் கூடிய கடையிலே பண்டம் விலையேறியிருக்கும் என்பதை நமது சந்தைக்குச் செல்லும் கிழவியும் அறிவாள்.

2021 ஜனவரி 28 ஆம் நாள் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. அம்மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 17 டொலராக இருந்த ‘கேம்ஸ்ரொப்’ பங்கு அன்று 483 டொலர் வரை ஏறியது. அன்றைய தினமே, அப்பங்கை விற்கலாம், புதிதாக வாங்க முடியாது என்று செயலி கதவடைத்தது. அக்காலத்தில் ஒரு வணிகம் தீர்ந்து முடிய இரண்டு வணிக நாட்கள் சென்றன. அவ்விடைக்காலத்துக்கு ஈடாகத் தீர்வகம் அன்று காலை ஏறக்குறைய 300 கோடி டொலரைக் கேட்டதே காரணமென நிறுவனம் விளக்கியது. ஐந்தாம் நாட் சந்தை முடிவில், பெப்ரவரி 2 இல், அப்பங்கின் விலை 90 டொலர்! உச்சியில் வாங்கிய எளியோனின் கதி யாது? தீர்வுக் காலம் 2024 மே மாதத்தில் ஒரு நாளாகக் குறைக்கப்பட்டது நல்லதே. ஆனால் போன பணம் திரும்பவில்லை.

“வயது வந்தவன் தன் பணத்தை விரும்பியவாறு செலவிடட்டும், அரசு ஏன் குறுக்கிட வேண்டும்?” என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு நமது விடை இது: உண்மை அறிந்தவன் செய்யும் தெரிவே சுதந்திரமான தெரிவு. உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமன்று. பிரித்தானியா 2012 இலேயே, கட்டளைக்குக் கைமாறு பெறும் இவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் அதைத் தடைசெய்து, ஏற்கெனவே அனுமதித்திருந்த நாடுகளுக்கு 2026 யூன் இறுதி வரை தவணை கொடுத்தது. அந்த நெறியே நேரியதென்பது நமது துணிபு.

சட்டம் வரும்வரை காத்திராது, புதிதாக இறங்குவோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும். ஆண்டுக் கணக்கில் தேவைப்படாத பணத்தை மட்டுமே பங்கிலிடுக. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர். ஒப்ஷன் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர். ஒரு பங்கை நம்பாது, பல நூறு கம்பனிகளைச் சேர்த்துக் கட்டிய குறியீட்டு நிதிகளை நாடுக. கட்டளை கொடுக்கும்போது, இவ்விலைக்கு மேல் வாங்கேன் என்று எல்லை குறித்தே கொடுக்க. தரகு நிலையம் முறிந்தால், அமெரிக்கக் காப்பு நிதியம் ஒரு வாடிக்கையாளனுக்கு 5 இலட்சம் டொலர் வரை பொறுப்பேற்கும். பங்கின் விலை விழுந்தால் ஒரு சதமும் தராது. இவ்வேறுபாட்டை நன்கு உணர்க.

செயலி ஒரு கருவி. விதைப்பவன் நிலத்தையும் பருவத்தையும் அறிந்து விதைத்தால் கருவி உதவும். அறியாது விதைத்தால் எவ்வளவு கூரிய கலப்பையும் விளைவு தராது. ஆதலின், பிற நாட்டில் வாழும் தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் ஒரு வரியைச் சேர்த்து எழுதுவார்களாக: “இலவசமாக எதையேனும் எவரேனும் தந்தால், விலையைக் கொடுப்பவர் யாரென்று முதலிற் கேள்.”