எல்லாம் கறுப்பு வயர்தானே, பிள்ளை?

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். வேலை முடிகிற நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, ரிவி நிண்டு போச்சு. என்னவோ இங்கிலீசில எழுதி நிக்குது."

அம்மா ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். நான் மிசிசாகாவில். போனிலேயே திருத்திவிடலாம் என்று நினைத்தேன்.

"றிசீவருக்குப் பின்னால இருக்கிற வயரை இறுக்கிப் பாருங்கோ அம்மா."

"எந்த வயர்?"

"கறுப்பு வயர்."

"எல்லாம் கறுப்பு வயர்தானே, பிள்ளை?"

இருபது நிமிடம் இப்படியே போனது. கடைசியில், "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, போனை வையுங்கோ, நான் வாறன்" என்று சத்தம் போட்டேன். பனி கொட்டிக்கொண்டிருந்த 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், வயரில் ஒரு பிழையும் இல்லை. ரிவி றிமோட்டில் 'இன்புட்' பட்டன் தவறுதலாக அமத்துப்பட்டிருந்தது. அவ்வளவுதான். ஐந்து செக்கனில் படம் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா ரிவி பற்றி அழைக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். பங்குனியில் ஒருநாள் போனபோதுதான் தெரிந்தது, ஒன்பது நாளாகத் திரை இருண்டு கிடந்தது என்று. தூசு துடைக்கும்போது வயர் ஒன்று கழன்றிருக்கிறது.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"உனக்கு வேலை இருக்கும். பிறகு ஏசுவாய்."

ஒன்பது நாள். எங்களுக்கு ரிவி இல்லாவிட்டால் கையில் போன் இருக்கிறது. அம்மாவுக்குக் காலையில் ஊர்ச் செய்தியும் பின்னேரம் நாடகமும்தான் அந்த வீட்டில் கேட்கிற தமிழ்க் குரல். அந்தக் குரலை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தது வயர் இல்லை, என்னுடைய வாய்.

"வயது போன ஆக்களுக்கு ரெக்னோலஜி விளங்காது" என்று நாங்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் உயரமான குழாயில் அன்ரெனா கட்டி, கடல் தாண்டி வந்த தூரதர்ஷனைப் பிடித்தவர்கள் யார்? அப்பா வெளியில் நின்று குழாயைத் திருப்புவார். அம்மா உள்ளே திரையைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம்... ஆ, விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்துவார். 1990 இற்குப் பிறகு மின்சாரமே இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட தலைமுறை அது. பழுது எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. அம்மாவை மறித்தது தொழில்நுட்பம் இல்லை. திரையில் வந்த ஆங்கிலமும், விளக்கம் சொல்லப் பொறுமை இல்லாத மகளும்தான்.

சற்றலைற் என்பது எங்களுக்கு அந்நியமான சங்கதியும் இல்லை. பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 இலிருந்து 2008 இல் இறக்கும்வரை இலங்கையில்தான் வாழ்ந்தார். கனடாவோ 1972 இலேயே 'அனிக்' என்ற தன் உள்நாட்டுச் செய்மதியை ஏவிய நாடு. அந்தப் பெயருக்கு இனுக்ரிருற் மொழியில் சகோதரன் என்று பொருள்.

அன்றிரவு ஒரு மட்டையில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ரிவிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கரண்ட் வயருக்குச் சிவப்பு ரேப், டிஷ்ஷிலிருந்து வருகிற வயருக்கு நீல ரேப் சுற்றினேன். மட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

1. றிசீவரில் லைற் எரிகிறதா? எரிந்தும் படம் இல்லையென்றால், ரிவி றிமோட்டில் மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிய பட்டனை ஒவ்வொரு தரமாக அமத்திப் பார்க்கவும்.

2. சிவப்பு வயரைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, திரும்பச் செருகவும். றிசீவர் விழித்தெழச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை ஒன்றையும் அமத்த வேண்டாம்.

3. நீல வயரைக் கையால் இறுக்கவும். படம் வருவதும் டிஷ்ஷின் முன்னால் இருக்கிற சின்னத் தலைக்கு மின்சாரம் போவதும் இந்த வயரால்தான்.

4. பெருமழை என்றால் பொறுத்திருக்கவும். மழை குறைய படம் தானாக வரும்.

5. பல்கனி டிஷ்ஷில் ஈரப்பனி ஒட்டியிருந்தால் மென்மையான தூரிகையால் தட்டவும். கம்பால் அடிக்கவோ சுடுதண்ணீர் ஊற்றவோ கூடாது.

6. மார்ச் தொடக்கத்திலும் ஒக்ரோபரிலும் மதியத்தை ஒட்டிச் சில நிமிடம் படம் போனால் பயப்பட வேண்டாம். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிற நேரம் அது.

டிஷ் ஏன் தெற்கே பார்க்கிறது என்றும் அம்மா கேட்டார். ஊரில் அது கிட்டத்தட்ட அண்ணாந்து பார்க்கும். இங்கே நாங்கள் வடக்கே வந்துவிட்டோம், அதனால் தெற்கு வானத்தில் பாதி உயரத்தைப் பார்க்கிறது என்றேன். "அப்ப பனிப் பாரத்தில கொஞ்சம் அசைஞ்சாலும் பிழைச்சுப் போகும்" என்றார். நான் சொல்லாத ஏழாவது குறிப்பு அது. உண்மைதான், அப்படியானால் ஆள் கூப்பிட வேண்டும். கூரையில் டிஷ் உள்ள வீடுகளில் பனிக்காலத்தில் ஏணி வைத்து ஏறுகிற அப்பாமாரையும் இந்த இடத்தில் கும்பிட்டுக் கேட்கிறேன்: தயவுசெய்து ஏறாதீர்கள்.

இன்னொன்று. "ஒருதரம் காசு கட்டினால் போதும், எல்லாத் தமிழ்ச் சானலும் வரும்" என்று விற்கப்படும் பெட்டிகளை நம்பாதீர்கள். கனடாவில் உரிமையுள்ள வழங்குநரின் அனுமதி இல்லாமல், பூட்டிய சந்தா ஒளிபரப்பைத் திறந்து பார்ப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பெட்டி நின்றால் அம்மா யாரைக் கூப்பிடுவார்? முறையான சேவை என்றால் கேட்க இடம் உண்டு. 2017 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் தொலைக்காட்சிச் சேவை வழங்குநர் நடத்தைக் கோவையின்படி, வீட்டுக்கு ஆள் அனுப்பும்போது எப்போது வருவார்கள், காசு எடுப்பார்களா என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நிறுவனம் சரியான பதில் தராவிட்டால் சி.சி.ரி.எஸ். என்ற முறைப்பாட்டு அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் போனுக்குள் நுழையவே ஆங்கிலமோ பிரெஞ்சோ வேண்டும். இத்தனை தமிழர் சந்தா கட்டுகிற நகரத்தில், தமிழில் ஒரு பக்க வழிகாட்டி கேட்பது பேராசை இல்லை. எங்கள் முதியோர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒன்றுகூடலில் ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கலாம்.

நிறுவனங்கள் செய்யும்வரை பிள்ளைகள் நாங்கள் செய்வோம். அடுத்த முறை போகும்போது றிமோட்டைப் பறித்து நாங்களே திருத்தாமல், அவர்கள் கையிலேயே விட்டுப் பக்கத்தில் இருப்போம். பத்து நிமிடம் கூடச் செல்லும். செல்லட்டும்.

போன கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோது, அவர் மூன்றாம் மாடி அன்ரியோடு போனில் நின்றார். அங்கேயும் ரிவி வேலை செய்யவில்லையாம்.

"எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும், அக்கா. அவசரப்படாதேங்கோ. நான் ரேப் கொண்டு வாறன்."