தோற்ற நாளோடு முடிவதில்லை



பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் தெருக்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் இந்தக் காட்சியில் மாற்றமில்லை. கதவைச் சாத்திக்கொண்ட வீட்டுக்காரர்களிடம் இம்மாதம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். அதற்குக் கால்பந்தாட்டத்தைத் துணைக்கு அழைக்கிறேன். மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எங்கள் மாணவர்கள் மைதானத்தில் போடும் சப்தத்தைக் கேட்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இருவகைப் போட்டிகள்

நம் பகுதிகளில் விடுமுறைக் காலத்தில் பந்தாட்டப் போட்டிகள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரொட்டி ஒட்டுவார்கள், கோப்பையை மேசைமேல் வைப்பார்கள். வெளியூர் அணிகள் வேன் பிடித்து வந்து இறங்கும். தோற்ற அணி அன்று மாலையே வீடு திரும்பிவிடும். இதை 'நாக் அவுட்' முறை என்கிறார்கள். ஒரே ஒரு தோல்வி போதும், எல்லாம் முடிந்துவிடும்.

'லீக்' என்பது வேறு. அதில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் தன் ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையும் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1, தோல்விக்கு எதுவுமில்லை. மாதக்கணக்கில் ஆடி, முடிவில் யாருடைய புள்ளிகள் அதிகமோ அவரே வாகையர். இன்று தோற்றவருக்கு அடுத்த வாரம் மீண்டும் ஆட்டமுண்டு. இன்று வென்றவரும் அடுத்த வாரம் ஆடித்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டில் எந்த முறையில் நாம் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம்? கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பருவத்தின் கதையைக் கேளுங்கள்.

கோவையில் ஒரு பருவம்

2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் போட்டி. இந்தியன் சூப்பர் லீக் தனியே நடந்துவந்த போதிலும், தேசிய முதல்நிலை லீக் என்னும் தகுதி அன்று ஐ-லீகிடமே இருந்தது. பின்னர்தான் அது இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அந்தப் பருவத்தில் 11 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள்.

அவற்றுள் ஒன்று சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, ஆடியதோ கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். இவ்வணி 2016-17இல் ஐ-லீகில் நுழைந்தது. 10 அணிகளில் எட்டாம் இடம். அடுத்த பருவத்திலும் அதே எட்டாம் இடம். மூன்றாம் பருவத்தில் இவ்வணி கோப்பையைத் தூக்கும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

பயிற்சியாளராக வந்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெரும் புகழ் பெற்ற வெளிநாட்டு வீரர்கள் இல்லை. ஸ்பெயின் நாட்டின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடி வந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ் போன்றோரையும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலான நம் தமிழக இளைஞர்களையும் சேர்த்து ஓர் அணியாக்கினார்கள். 2018 அக்டோபர் 26ஆம் நாள் கோவையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்சி ஒருவரே மூன்று கோல்கள் அடித்தார். பருவம் முடிகையில் அவர் கணக்கில் 21 கோல்கள் இருந்தன.

அந்தப் பருவம் மற்றொரு வகையிலும் நினைவில் நிற்க வேண்டியது. 2014ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் ஸ்ரீநகரில் உருவான ரியல் காஷ்மீர் அணி முதன்முறையாக இந்த லீகில் ஆடியது. குளிரையும் பதற்றத்தையும் தாங்கிக்கொண்டு, முதல் பருவத்திலேயே மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

கடைசி நாள்

சென்னை அணியை விடாமல் துரத்தியது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 1920இல் தோன்றிய அவ்வணிக்கு இலட்சக்கணக்கான ரசிகர்கள் உண்டு. ஆயினும் 2004க்குப் பிறகு அன்றுவரை தேசிய லீக் பட்டம் அதன் கைக்கு எட்டவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் சென்னை அணி சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் தோற்றது. அன்று வென்றிருந்தால் பட்டம் உறுதியாகியிருக்கும். தோற்றதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சென்னைக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39.

2019 மார்ச் 9. கோவையில் சென்னை அணியும், முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாபும் மோதின. அதே வேளையில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியை ஈஸ்ட் பெங்கால் எதிர்கொண்டது. ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரையில் சென்னையால் அதை ஈடுகட்ட முடியவில்லை. இரண்டாம் பாதியில் மான்சி ஒரு பெனால்டியைக் கோலாக்கினார். ஆட்டம் சமநிலை. அதன்பின் தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். முடிவு 3-1. கோழிக்கோட்டிலோ ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என்று வென்றது. கோவை ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால் சென்னைக்கு 41, ஈஸ்ட் பெங்காலுக்கு 42 என்றாகிக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

இறுதிக் கணக்கு: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது?

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை அணி வென்ற ஆட்டங்கள் 13. ஈஸ்ட் பெங்கால் வென்ற ஆட்டங்களும் 13தான்! வெற்றிகளில் இருவருக்கும் வேறுபாடே இல்லை. சென்னை 4 ஆட்டங்களைச் சமன் செய்து 3இல் தோற்றது. ஈஸ்ட் பெங்கால் 3 ஆட்டங்களைச் சமன் செய்து 4இல் தோற்றது. அவ்வளவுதான். வெல்ல இயலாத ஏதோ ஒரு நாளில், கையை விரித்துவிடாமல் தோல்வியைத் தடுத்துக்கொண்டார்களே, அந்த நாளின் ஒற்றைப் புள்ளிதான் கோப்பையைக் கோவைக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் தோற்காமல் இருப்பது மட்டுமே போதுமா? போதாது. இதற்கு 2016-17ஆம் ஆண்டின் ஐ-லீக் சாட்சி. அந்த ஆண்டு மோகன் பகான் 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்றது. ஆனால் ஆறு ஆட்டங்களைச் சமநிலையில் விட்டது. மிசோரம் மாநிலத்தின் ஐசால் அணி மூன்றில் தோற்றது. ஆனால் 11இல் வென்றது. 37க்கு 36 என்று ஒரு புள்ளி வேறுபாட்டில் ஐசால் வாகை சூடியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மக்கள்தொகை 11 இலட்சம்கூட இல்லை. அவ்வணி அதற்கு முந்தைய பருவத்தில் கீழிறக்கப்பட்டு, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. அதன் பயிற்சியாளராக இருந்த காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

ஆக, அதிகம் தோற்றவரும் முதலிடம் பெறலாம். தோற்ற மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது முன்பு கேட்ட கேள்விக்கு வருவோம். நம்மில் பலர் பிள்ளைகளை நாக் அவுட் முறையில்தான் வளர்க்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறினான். முடிவு வந்த மறுவாரமே அவனை ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். "படிப்பு இவனுக்கு வராது ஹஜ்ரத்" என்று அவனுடைய அத்தா முடித்துவிட்டார். துணைத் தேர்வுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன! அதே ஆண்டில் எழுதி, தேறி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர வழியிருந்தது. அரசாங்கமே தேர்வை லீக் முறையில் வைத்திருக்கிறது. நாம்தான் அதை நாக் அவுட் ஆக்கிவிட்டோம். அவனுடைய அம்மா மட்டும் கடைசிவரை, "இன்னொரு தடவை எழுதட்டுமே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அந்த வீட்டில் எடுபடவில்லை. பட்டறை வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. உழைத்து உண்பது கண்ணியமானது. ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லையே! ஒரு தோல்விக்குத் தண்டனையாக அல்லவா அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது?

பெண் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். ஆண்பிள்ளை தவறினால் பட்டறை. பெண்பிள்ளை தவறினால் உடனே மாப்பிள்ளை தேடுகிறோம். அவளுக்கும் அடுத்த ஆட்டம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

குர்ஆனை மனனம் செய்யும் மாணவர்களை நடத்துகிறவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஒவ்வொரு நாளும் புதுப் பாடம் ஒப்புவிக்க வேண்டும். பழைய பாடத்தையும் ஓதிக் காட்ட வேண்டும். சில நாள் பிள்ளைக்குப் புதுப் பாடம் வராது. அனுபவமுள்ள உஸ்தாது அவனை விரட்டமாட்டார். "சரி, பழையதை ஓது" என்பார். அவனும் ஓதுவான். அன்று வெற்றியில்லை, ஆனால் தோல்வியுமில்லை. அன்றைய கணக்கில் ஒரு புள்ளி ஏறிவிட்டது. இப்படி ஒரு புள்ளியும் மூன்று புள்ளியுமாகச் சேர்த்துத்தான் சில ஆண்டுகளில் ஒருவன் ஹாஃபிழாகிறான். சிறிதாயினும் விடாமல் செய்யப்படும் அமலின் சிறப்பு நமக்குப் புதிதல்ல. அதைப் பிள்ளையின் பள்ளிப் பாடத்திலும் பொருத்திப் பார்க்கத்தான் தவறுகிறோம்.

வென்ற பின்னும் ஆட்டமுண்டு

இனிப்பு வழங்கிய வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வாகை சூடிய சென்னை சிட்டி அணி பிறகு என்னவாயிற்று? 2020 மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டி ஒன்றில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2 என்று சமன் செய்தது. அத்தோடு கொரோனா வந்து அந்தப் போட்டியே கைவிடப்பட்டது. 2021-22 பருவம் தொடங்கியபோது ஐ-லீக் பட்டியலில் அவ்வணியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை! லீகில் சென்ற ஆண்டின் 43 புள்ளிகள் இந்த ஆண்டு செல்லாது. பருவம் தொடங்கும் நாளில் வாகையருக்கும் சுழிதான். கடைசி இடத்தில் இருந்தவருக்கும் சுழிதான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலிடம் பெற்ற பிள்ளை, பதினொன்றாம் வகுப்பை விளையாட்டாக எண்ணிச் சறுக்குவதை நாம் காணவில்லையா?

ஆகவே, கதவைச் சாத்திக்கொண்ட பெற்றோர்களே! பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை எடுத்து வையுங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று பள்ளிக்கூடத்தில் நாளைக் காலையே கேட்டு வாருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் அந்தப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பந்து விளையாட அனுப்புங்கள். பந்தைப் பூட்டி வைப்பதால் கணக்குப் பாடம் வந்துவிடாது.

அவன் பருவம் இன்னும் முடியவில்லை. அடுத்த ஆட்டத்திற்கு அவனைத் தயார்ப்படுத்துங்கள்.