பொத்தி வைத்த ஜாக்

கோயில் மடம், கலியாண வீட்டுப் பந்தல், செத்தவீட்டு இரவு, வாசிகசாலை விறாந்தை என்று நாலு பேர் பாய் விரித்துக் குந்த இடம் கிடைத்தால் போதும், யாழ்ப்பாணத்தில் கடதாசிக் கூட்டம் வெளியே வந்துவிடும். ஆடுவது முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம். மூன்று தலைமுறை ஒரே பாயில் இருந்து சண்டை பிடிக்கக்கூடிய விளையாட்டு இதைப்போல இன்னொன்று இந்த மண்ணில் இல்லை.

குடாநாடு 1619இல் போர்த்துக்கேயர் கைக்கும் 1658இல் ஒல்லாந்தர் கைக்கும் போனது. இந்த ஆட்டம் அந்தக் காலத்தில் வந்திருக்கலாம் என்பதற்குச் சீட்டிலேயே ஒரு தடயம் உண்டு. முந்நூற்றி நாலில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் அவற்றுக்கு எவ்வளவோ கீழே. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்புச் சீட்டுகளுக்கு இதே வரிசை. ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்ற கணக்கும் இரண்டிலும் ஒன்றே. இதை வைத்து, இந்த ஆட்டக் குடும்பமே ஒல்லாந்தக் கப்பலில் வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு எழுதியோர் கருதுகிறார்கள். கேரளத்தின் இருபத்தெட்டு என்ற ஆட்டமும் இந்தக் குடும்பம்தான்.

சீட்டுகளின் புள்ளிகள் இவை: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. முதல் நாலு சீட்டைப் பார்த்தே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். கேட்டவர் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வந்த இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போட, கேட்டவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் காட்டுவார். இல்லையென்றால் அது கவிழ்ந்தபடியே போய்விடும். ஆட்டத்தின் கடிவாளம் முழுக்க அவர் கையில். அவசரப்படாமல், எதிராளி இருட்டில் தடவும்வரை காத்திருப்பார்.

இப்படிப் பொத்தி ஆடுபவரை எப்படி வெல்வது? நானும் பொத்துகிறேன் என்று இருந்தால் தோல்வி நிச்சயம். 180 கேட்டிருக்கிறார் என்று வையுங்கள். அவரை விழுத்த எதிரணிக்கு 125 வேண்டும். உங்களிடம் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஜாக் இருக்கிறது, முதல் இறக்கமும் உங்களுடையது. ஓர் இனத்தில் எட்டே சீட்டு, ஆடுவோர் நாலு பேர். முதல் சுற்றில் எல்லோரிடமும் ஆட்டின் இருக்க வாய்ப்பு அதிகம். ஜாக்கை அப்போதே இறக்கினால், கூட்டாளி தன்னிடம் ஆஸ் இருந்தால் அதை அதன்மேல் ஏற்றுவார். 41 வந்துவிட்டது, தேவையில் மூன்றிலொரு பங்கு. அதே ஜாக்கை மூன்றாம் சுற்றுக்கு வைத்திருந்தால், கேட்டவர் ஒரு துரும்பு ஏழால் வெட்டி முப்பதையும் அள்ளிக்கொண்டு போவார். ஜாக்கின் எண் மாறாது, ஆனால் பிடிக்குப் பிடி அதன் பலம் கரைந்துகொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்ததும் கூட்டாளி கத்துவது இதைத்தான்: "ஏன்டா ஜாக்கைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தனி? எடுத்த உடன இறக்கியிருக்கலாமெல்லே!"

அதற்கடுத்த வேலை துரும்பை வெளியே வரவைப்பது. கூட்டாளியிடம் இல்லாத இனத்தை ஊகித்து இறக்கினால், அவர் கவிழ்த்துப் போடும் சீட்டு துரும்பாக அமையலாம். அமைந்தால் கேட்டவர் காட்டியே தீரவேண்டும். அவருடைய பெரிய ஆயுதம் அந்த இரகசியம்தான்.

அமெரிக்காவில் 1993இல் வந்த மாஜிக் சீட்டாட்டத்திலும் இதே இழுபறி உண்டு. எதிராளியின் ஒவ்வொரு நகர்வையும் தடுத்துத் தடுத்து நீண்ட ஆட்டத்தில் வெல்லப் பார்க்கும் கட்டு ஒன்று. அது காலூன்றுமுன் அடித்து முடிக்கும் கட்டு மற்றது. 1999இல் மைக் ஃபுளோரஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இந்த ஆட்டத்தில் அடிக்க வேண்டியவர் யார், தடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பிழையாகக் கணிப்பவர் தோற்கிறார் என்று வாதிட்டது. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அது எழுதப்படாமலே தெரிந்திருந்தது. கேட்டவருக்கு நேரம் நண்பன், மற்றவர்களுக்கு எதிரி. ஆனால் கேட்டவர் கையில் துரும்பு நீளமாக இருந்துவிட்டால் கதை மாறும். அப்போது அவரே துரும்பைத் திறந்து, இறக்கி, எதிரியின் துரும்புகளை உருவி எடுக்க வேண்டும். பழக்கத்தில் பொத்துபவர் அந்தக் கணத்தைத் தவறவிடுவார். கேட்பதற்கே துணிவு வேண்டும்: பல இடங்களில் 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு என்பது கணக்கு. துணிபவருக்கே தண்டனை கூட. அப்படியும் கேட்கப் பயப்படும் அணி நாள் முழுக்க மற்றவன் துரும்புக்கு ஆடவேண்டிவரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க எரித்த ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியும் இந்த ஆட்டம் நடந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எதை எதையோ விட்டுவிட்டுப் போனோம். முந்நூற்றி நாலு கூடவே வந்தது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் அதற்குப் போட்டிகள் நடக்கின்றன.

ஊரில்தான் எனக்குக் கவலை. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி: எப்போது திருப்பிக் கேட்கலாம், எட்டுப் பிடியும் எடுப்பதாகச் சொன்னால் என்ன கணக்கு, பிழையாக ஆடினால் என்ன தண்டனை. இவை பெரும்பாலும் வயது போனவர்களின் வாயில் இருக்கின்றன. ஆட்டம் முடிந்தபின் எட்டுப் பிடியையும் நினைவிலிருந்து மீண்டும் விரித்து, எந்தச் சீட்டில் பிழைத்தது என்று காட்டும் அந்த வாக்குவாதத்தில்தான் அடிக்கும் நேரத்தைப் பிள்ளைகள் கற்றார்கள். சனசமூக நிலையங்கள் ஆண்டுக்கொரு போட்டி வைக்கட்டும். அன்றைக்கே அந்த ஊர் விதிகளை ஒரு கொப்பியில் எழுதி வாசிகசாலையில் வைக்கட்டும். இரண்டு ஆட்டங்களைச் சீட்டுச் சீட்டாக, வாக்குவாதத்தோடு பதியட்டும். இந்த வருடமே தொடங்கலாம்.