ஏகபோகமும் எம் நாட்டுச் சட்டமும்

'ஏகபோகம்' என்னும் சொல்லுக்கு ஒருவனே துய்த்தல் என்பது பொருள். பெருவணிகம் செய்தல் குற்றமன்று. பிறர் புகும் வாயிலை அடைத்தலே குற்றம். இவ்வேறுபாடு அண்மைக்கால வழக்கொன்றில் தெளிவாக விளங்குகின்றது.

2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபா தண்டம் விதித்தது. அன்ட்ரோயிட் கைத்தொலைபேசி செய்வோர் அந்நிறுவனத்தின் செயலிக் கடையைப் பெற வேண்டின், தேடுபொறி முதலிய அதன் பிற செயலிகளையும் உடன் ஏற்றாக வேண்டும் என்னும் நிபந்தனையே முதன்மையான குற்றமாகக் காணப்பட்டது. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கிற்றாயினும், தண்டத்தை உறுதிசெய்தது.

கொட்டாஞ்சேனையில் எம் மாணவர் ஏந்தும் தொலைபேசிகளுட் பலவும் அவ்வகையினவே. ஆயின், இங்கு வினவுவார் யார்? 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் ஆராயும் அதிகாரத்தை அளித்திருந்தது. அதனை நீக்கி 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அவ்விரு அதிகாரங்களும் இடம்பெறவில்லை. போட்டிக்கு மாறான செயல்களை ஆராயும் அதிகாரமே எஞ்சிற்று.

விலையின்றிக் கிடைப்பதில் நட்டம் யாது என வினவுவாருமுளர். தேடுபவன் எதனை முதலிற் காண்பான் என்பதை ஒருவரே வகுப்பாராயின், தெரிவு குன்றும். தெரிவு குன்றின் அறிவும் குன்றும். கற்பிப்போர்க்கு இதனினும் பெரிய நட்டம் வேறில்லை.

கைநழுவிய அதிகாரத்தை மீட்டல் சட்டமியற்றுவோர் கடன். அதனைக் கேட்டல் நம் கடன்.