மேடையில் மருத்துவர் மட்டும் போதாது

மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அது நெருங்கும்போது சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு ரோட்டரி, அரிமா சங்கங்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். "வாராந்திரக் கூட்டம்தான் டாக்டர், இருபது நிமிடம் பேசினால் போதும்" என்பார்கள். நாங்களும் செல்கிறோம். பொன்னாடை போர்த்துவார்கள், அறிமுக உரையில் எங்கள் பட்டங்களை வரிசையாக வாசிப்பார்கள், நாங்கள் பேசி முடித்ததும் நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், பிறகு விருந்து. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு இறங்கும் எங்களுக்கு ஊறுகாயும் அப்பளமும் இரண்டு வகையாகப் பரிமாறப்படுவது தனிக் கதை.

இத்தகைய கூட்டங்களைச் சம்பிரதாயம் என்று ஒதுக்குவோர் உண்டு. நாங்கள் அவ்வாறு கருதவில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடிய கூட்டமே ரோட்டரியின் தொடக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரே ஏற்பட்டது. வாரம் தவறாமல் கூட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நீடித்தது. 2016இல்தான் அது தளர்த்தப்பட்டது. அந்த விடாப்பிடியின் பயனை மருத்துவத் துறை நன்கு அறியும். 1979இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் பணியை ரோட்டரி மேற்கொண்டது. 1985இல் அதை உலகளாவிய திட்டமாக அறிவித்தது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று நமக்குக் கிடைத்தது. அரசின் செவிலியர்களும் உலக நிறுவனங்களும் தோள் கொடுத்த பெரும்பணி அது. எனினும், ஒரே காரியத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டே இருக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆயினும் இக்கூட்டங்களில் ஒரு குறை இருக்கிறது. நோயைப் பற்றிப் பேச எப்போதும் மருத்துவரையே அழைக்கிறார்கள். நோயோடு வாழ்பவரை அழைப்பதில்லை.

1917இல் தொடங்கப்பட்ட அரிமா இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உள்ளது. 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நடந்த அவ்வியக்கத்தின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் உரையாற்றினார். குழந்தைப் பருவ நோயொன்றில் பார்வையையும் செவித்திறனையும் இழந்த அவருக்கு அப்போது வயது 45. பார்வையற்றோருக்காகப் பாடுபட முன்வருமாறு அவர் விடுத்த வேண்டுகோளை அரிமா சங்கத்தினர் ஏற்றுக்கொண்டனர். இன்று நம் ஊர்களில் அரிமா சங்கம் என்றவுடன் கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வருவதற்கு அந்த உரையே காரணம். அன்று அந்த மேடையில் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவர் நின்று விழித்திரையின் அமைப்பை விளக்கியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? கைதட்டியிருப்பார்கள்.

மருத்துவர் சொல்ல வேண்டியவை இல்லாமலில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை ஓசையின்றிச் சிதைக்கின்றன. சிறுநீரகத்தின் திறன் ஏறத்தாழப் பாதி குறையும் வரை இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே காட்டக்கூடும். ஆதலால் சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குத் தாமாகவே மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குக் கேடு. இவற்றை நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்போம்.

ஆனால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்திருப்பவரின் வாழ்க்கையை எங்களால் சொல்ல இயலாது. ஒரு நாளில் குடிக்கும் நீரைக் குவளையால் அளப்பது, ஃபிஸ்டுலா உள்ள கையில் பாரம் தூக்க முடியாததால் கட்டட வேலையை விட்டது, டயாலிசிஸ் முடிந்த மாலையில் பேசக்கூடத் தெம்பின்றிக் கிடப்பது ஆகியவை எங்கள் நோயேடுகளில் பதிவாவதில்லை. கூட்டமொன்றில் எங்களுடன் வந்திருந்த ஓர் அம்மையார், எங்கள் வற்புறுத்தலின் பேரில் ஏழெட்டு நிமிடம் பேசினார். அவருடைய கணவருக்கு டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அவருடைய துயரமே வேறு. இரவு முறை முடியும்போது கடைசிப் பேருந்து போய்விடுகிறது; ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையில் வீட்டுச் செலவு துண்டு விழுகிறது. இயந்திரம் ஒன்று வாங்கித் தரலாம் என்ற எண்ணத்தோடு அமர்ந்திருந்த சங்கத்தினர், அன்று வேன் ஒன்றுக்கு ஏற்பாடு செய்ய இயலுமா என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினர். நாங்கள் அதே மேடையில் பல ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம். பேருந்தைப் பற்றி எவரும் எங்களிடம் கேட்டதில்லை.

எங்கள் சக மருத்துவர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. நோயாளியை மேடையேற்றினால் அவர் காட்சிப் பொருளாகிவிடுவார் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. பெரிய அட்டையில் அச்சிட்ட காசோலையின் ஒரு முனையை நோயாளி பிடித்துக்கொண்டு நிற்க, மறுமுனையில் பத்துப் பேர் புன்னகைக்கும் புகைப்படத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உதவி பெறுபவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு. முகம் வெளிவர வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதைச் சங்கங்களிடம் முன்கூட்டியே தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. ஆனால் அந்தப் புகைப்படத்தில் உள்ள குறை நோயாளி மேடையில் நிற்பதன்று. வாய் திறக்காமல் நிற்பதே. சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டு, பெயர் சொல்லி அறிமுகம் செய்யப்பட்டு, ஒலிபெருக்கியின் முன் நின்று, தமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்பவரை யாரும் இரக்கத்துக்குரியவராகப் பார்ப்பதில்லை. அந்தப் பொன்னாடை எங்களைவிட அவருக்கே பொருந்தும்.

பேச விரும்புவோர் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. நோயின் வரலாற்றை முதலிலிருந்து விவரிக்கத் தேவையில்லை. ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சொன்னாலே போதும். வருமானம், குடும்பச் சிக்கல் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறுநீரகம் தருவதற்கு ஆள் வேண்டும் என்று மேடையில் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். உடலுறுப்பு விற்பனை 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய வேண்டுகோள்களைத் தரகர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாறாக, மூளைச்சாவுக்குப் பின் உறுப்புகளை வழங்குவது பற்றி அவரவர் வீட்டில் இன்றே பேசிவைக்குமாறு சொல்லலாம். உறுதிமொழி அட்டை பையில் இருந்தாலும், அந்த நேரத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் குடும்பத்தினரே. இதை நாங்கள் சொல்லும்போது அறிவுரையாகவும், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் சொல்லும்போது வேறொன்றாகவும் கேட்கிறது.

உடனிருந்து பராமரிப்போரும் பேசலாம். அவர்கள்தாம் பேச வேண்டும் என்றுகூடச் சொல்வோம். நோயாளியை நலம் விசாரிக்கப் பலர் இருக்கிறார்கள். டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் மனைவியையோ மகனையோ சாப்பிட்டீர்களா என்று கேட்பவர்கள் குறைவு.

இனி எங்கள் பிரிவுக்கு வரும் அழைப்புகளுக்கு, எங்களில் ஒருவரும் உங்களில் ஒருவரும் சேர்ந்தே வருவோம் என்று மறுமொழி அளிக்க எண்ணியுள்ளோம். இருபது நிமிடத்தில் எங்களுக்கு எட்டு, உங்களுக்குப் பன்னிரண்டு. விருப்பமுள்ளோர் டயாலிசிஸ் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் பெயர் கொடுக்கலாம். பேச வேண்டியதை எழுதிப் பார்க்க உதவி வேண்டுமானால் செய்கிறோம். கூட்ட நாள் டயாலிசிஸ் இல்லாத நாளாக அமையும்படி சங்கத்தாரிடம் கேட்டுப் பெறுவது எங்கள் பொறுப்பு. விருந்தில் ஊறுகாயைத் தவிர்ப்பது உங்கள் பொறுப்பு.