டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே சாமி?

திருக்கோவிலூர் கடைத்தெருவில் மிக்ஸி வாங்குகிற ஆள் லேசில் பணத்தை எடுக்கமாட்டார். வாரண்டி எத்தனை வருஷம்? பில்லில் சீல் போட்டாச்சா? ரிப்பேர் ஆனா யார் பொறுப்பு? அதே ஆள் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரியில் ஐம்பதாயிரம் கட்டும்போது ஒரு கேள்வி கிடையாது. பல இடங்களில் கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு. என்ன ஆபரேஷன், என்ன மருந்து, யார் செய்தது... ஒன்றும் இருக்காது. கேட்டால், "ஃபைலெல்லாம் வெளியே தரமாட்டோம்" என்று பதில். அவரும் கும்பிடு போட்டுவிட்டு வருகிறார்!

அந்தப் பதில் சட்டப்படி தப்பு மக்களே. 2002-ல் இந்திய மருத்துவ கவுன்சில் கொண்டுவந்த நடத்தை விதிகளைப் பாருங்கள். உள்நோயாளியின் சிகிச்சை ஆவணங்களை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கவுன்சில் போய் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்துவிட்டது. விதி போகவில்லை.

"ஒரு காகிதத்தில் என்ன இருக்கு?" என்பவர்கள் எழும்பூர் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். அது நடக்கவில்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெற்றோரை எச்சரிக்கும் ஒரு வார்த்தைகூட டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை என்று தீர்ப்பே சுட்டிக்காட்டியது. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் இருந்திருந்தால்? "சொன்னோம்", "சொல்லலை" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து, "டாக்டர் தெய்வம் மாதிரி, அவர்மேல் வழக்கா?" என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவைதான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கினாலும், அங்கே இலவசமாகப் பார்த்துக்கொண்டவருக்கும் சேர்த்து அந்தச் சட்டம் பொருந்தும். எழும்பூர் வழக்கும் தேசிய நுகர்வோர் ஆணையம் வழியாகத்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

"இப்படிக் கேட்டால் டாக்டர்கள் பயந்துவிடுவார்கள்" என்பது இன்னொரு வாதம். கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுகிற வியாபாரி ஆடிட்டரைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? நல்ல டாக்டரைக் காப்பாற்றுவதும் அதே ஃபைல்தான். போதாததற்கு, டாக்டர்மேல் குற்ற வழக்கு என்றால் போலீஸ் முதலில் வேறொரு டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது. காகிதத்தை மறைத்தால்தான் சந்தேகம் வளரும். கடைசியில் கண்ணாடி உடைப்பு, சாலை மறியல், கைது. யாருக்கு லாபம்?

வழக்கை விடுங்கள், உயிர் பிழைக்கவே அந்தக் காகிதம் வேண்டும். நடுராத்திரியில் திருக்கோவிலூரிலிருந்து முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "முதலில் என்ன ஊசி போட்டாங்க?" என்று அங்கே உள்ள டாக்டர் கேட்டால் கூட வந்த அம்மா என்ன சொல்வார்?

அதனால் கேளுங்கள். தமிழில் எழுதி, தேதி போட்டு, மனு வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 72 மணி நேரத்தில் தரவில்லையா? மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். சேவைக் குறைபாடு என்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குள், சொந்த மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

கும்பிடு போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஃபைலை வாங்கிக்கொண்டு போடுங்கள்!